எம்டனின் நான்காவது புகைபோக்கி

மகா கெட்டிக்காரனைப் பார்த்து “அவன் ஒரு எம்டன்” என்று சொல்கிற வழக்கம் இன்னும் சாகவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் போர்க்கப்பல் விட்டுச்சென்ற சொல் அது. நாம் அந்தக் கதையைச் சென்னையோடு முடித்துவிடுகிறோம். ஆனால் எம்டன் அடுத்த மாதமே இங்கே, பினாங்கிலும் வந்து வேட்டையாடியது.

அக்டோபர் 28, விடிவதற்குச் சற்று முன். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். இந்தப் பக்கக் கடலில் உலவிய பிரிட்டிஷ் கப்பல் யார்மவுத்துக்கு நான்கு. அதனால் எம்டனின் ஆட்கள் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியைக் கட்டி நிறுத்திக்கொண்டார்கள். துறைமுக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நங்கூரமிட்டுக் கிடந்த ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கின் கேப்டன் கரைக்குப் போயிருந்தார். குண்டுகளில் பெரும்பகுதி பூட்டிய அறைக்குள் இருந்தது. சுடுவதற்குச் சற்று முன்புதான் எம்டன் தன் சொந்தக் கொடியை ஏற்றியது. ஏறத்தாழ 90 ரஷ்ய மாலுமிகள் செத்தார்கள். திரும்பும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கியது. அந்த ரஷ்ய மாலுமிகளின் நினைவுக்கல் ஜார்ஜ்டவுன் வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் இருக்கிறது.

பகை ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும். துறைமுகம் மட்டும் நம்முடையது.

சைபர் பாதுகாப்பைப் பற்றி மலேசியாவில் பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே அமெரிக்காவா, சீனாவா என்று திரும்பிவிடுகிறது. “நாம் நடுநிலை நாடு” என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். நடுநிலை என்று அறிவிப்பது சுலபம். நம் துறைமுகத்துக்குள் யார் வந்தார், எப்போது வந்தார், எந்தப் புகைபோக்கி பொய் என்று நாமே சொல்ல முடியாவிட்டால், வந்துபோனவன் யார் என்று அவனுடைய எதிரியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஒரு தரப்பின் வாக்குமூலத்தை நம்பி எடுக்கிற நிலைப்பாட்டுக்கு நடுநிலை என்று பெயர் வைக்க முடியாது.

போலிப் புகைபோக்கி பழங்கதை அல்ல. 2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின்போது ஒரு நாசநிரல் விழாவின் கணினி அமைப்புகளை முடக்கியது. அந்த நிரலின் தலைப்பகுதியில், அதைக் கட்டப் பயன்பட்ட கருவிகளின் தடயம், வடகொரியாவின் ஹேக்கர் கூட்டமான லாசரஸ் குழு முன்பு பயன்படுத்திய நிரலோடு அச்சுப்பிசகாமல் பொருந்தியது. பலரும் வடகொரியா என்றே நினைத்தார்கள். காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டினார்கள். தலைப்பகுதி விஷுவல் சி++ 6 என்று சொல்கிறது. உள்ளே இருக்கும் நிரலோ விஷுவல் ஸ்டுடியோ 2010-இல் கட்டியது. தலையை வெட்டி இன்னொரு உடம்பில் ஒட்டியிருக்கிறார்கள். 2020 அக்டோபரில் அமெரிக்கா ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் ஆறு பேர்மீது குற்றம் சாட்டியபோது இந்தத் தாக்குதலும் பட்டியலில் இருந்தது.

மலேசியாவின் பழக்கம் என்ன? 2013-இல் அமெரிக்க உளவு ரகசியங்களைக் காட்டிய ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்து, கோலாலம்பூரிலிருந்த அமெரிக்கத் தூதரகத்திலிருந்து ஒட்டுக்கேட்பு நடந்ததாகச் செய்தி வந்தபோது, விஸ்மா புத்ரா, அதாவது நம் வெளியுறவு அமைச்சு, அமெரிக்க, ஆஸ்திரேலியத் தூதர்களின் தரப்பை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. 2020 பிப்ரவரியில் கணினிச் சம்பவங்களைக் கவனிக்கும் மலேசியக் குழுவான மைசெர்ட் ஓர் எச்சரிக்கை விட்டது: பத்திரிகையாளர், வணிக இதழ்க்காரர், தொண்டு நிறுவன ஆள் என்ற வேடத்தில் அரசு அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் வருகிறது, இணைப்பைத் திறந்தால் அரசுத் திட்டங்களின் ஆவணங்கள் வெளியே போகின்றன. எந்த நாடு என்று அது சொல்லவில்லை. 2021 ஜூலையில் ஹைனான் மாகாண அரசுப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து இயங்கியதாக நான்கு சீனர்கள்மீது அமெரிக்கா குற்றப்பத்திரிகை வெளியிட்டபோது, பாதிக்கப்பட்ட நாடுகளில் மலேசியாவும் இருந்தது. சீனா மறுத்தது. அடுத்த ஆண்டே, சியானில் உள்ள வடமேற்கு பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை ஊடுருவியதாகச் சீனா விரிவான அறிக்கை வெளியிட்டது.

பெயர் சொல்லாமல் இருப்பதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. ஆதாரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பது ராஜதந்திரம்; பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு விலை உண்டு. கையில் ஒன்றுமே இல்லாமல் மௌனமாக இருப்பது வேறு. 2020 எச்சரிக்கையில் என்னைச் சங்கடப்படுத்தியது எந்த நாடு என்பதல்ல. தாக்கியவர்கள் பயன்படுத்திய இரண்டு மென்பொருள் ஓட்டைகளில் ஒன்று 2014-இல் அடைக்கப்பட்டது, மற்றொன்று 2017-இல். ஐந்து வருடத்துக்கும் மேல் பழைய ஓட்டைக்கு எந்த வல்லரசின் திறமையும் தேவையில்லை.

ஆகவே பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெட்டி என்றால் கணினியில் நடப்பதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவேடு, லாக்.

வால்ட் டைஃபூன் என்று மைக்ரோசாஃப்ட் பெயரிட்ட, சீன அரசின் ஆதரவு பெற்றது என்று அமெரிக்கா சொல்லும் ஹேக்கர் குழுவை 2023 மே மாதம் அமெரிக்காவின் குவாம் தீவை முன்வைத்து உலகம் அறிந்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க முகமைகளும் கூட்டாளி நாடுகளும் வெளியிட்ட அறிக்கை, சில இடங்களில் அவர்கள் குறைந்தது ஐந்து வருடமாக உள்ளே இருந்தார்கள் என்றது. திருட வந்தவர்கள் இவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள். நெருக்கடி வந்தால் விளக்கை அணைக்க இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அமெரிக்காவின் வாதம். யார் என்ற வழக்கை விடுங்கள். எப்படி என்பது நமக்கு முக்கியம். அவர்கள் நாசநிரல் எதையும் கொண்டுவரவில்லை என்றே சொல்லலாம். வீட்டுக் கத்தியை எடுத்தே வீட்டுக்காரரை மிரட்டுவதுபோல, விண்டோஸிலேயே இருக்கும் கருவிகளைப் பயன்படுத்தினார்கள்: பவர்ஷெல், டபிள்யூஎம்ஐசி, நெட்ஷ், என்டிடிஎஸ்யூடில். வைரஸ் தடுப்பு மென்பொருள் இதற்குக் குரைக்காது. பிடிபடுவது ஓர் இடத்தில்தான்: எந்தக் கணக்கு, எந்த நேரத்தில், எந்தக் கட்டளையை ஓட்டியது என்ற வரியில்.

அந்த வரி பெரும்பாலான அலுவலகங்களில் பதிவாவதே இல்லை. விண்டோஸில் ஒரு நிரல் தொடங்கியதைப் பதியும் 4688 எண் நிகழ்வு இயல்பாக இயங்காது; தணிக்கைக் கொள்கையில் போய் இயக்க வேண்டும். இயக்கினாலும் நிரலின் பெயர் மட்டும் விழும், முழுக் கட்டளை விழாது; அதற்குத் தனி அமைப்பு ஒன்றைத் திறக்க வேண்டும். இந்த இரண்டாவதை மறப்பவர்களே அதிகம். பவர்ஷெல்லுக்கு 4104 நிகழ்வு வேறு. அடுத்து, சாதாரண விண்டோஸ் கணினியில் பாதுகாப்புப் பதிவேட்டின் இயல்பு அளவு 20 எம்பி. நிறைந்தால் பழையதின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். சுறுசுறுப்பான ஒரு ஃபைல் செர்வரில் அது ஒரு வேலைநாளைத் தாண்டாது. ஐந்து வருடம் உட்கார்ந்திருப்பவனைப் பிடிக்க ஒரு நாள் நினைவாற்றல்!

எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு தன் துறைகளுக்கு விதித்தது: 12 மாதம் உடனே தேடக்கூடிய நிலையில், மேலும் 18 மாதம் குளிர்சேமிப்பில், அதாவது தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் சேமிப்பில். செலவு அதிகம் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்தில் நாளுக்கு 20 ஜிபி பதிவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மாதத்துக்கு ஏறத்தாழ 18 டிபி. பதிவு என்பது திரும்பத் திரும்ப வரும் உரை, நன்றாகச் சுருங்கும். பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் 2 டிபிக்குள் அடங்கிவிடும். சாதாரண வட்டு ஒன்றின் விலை. விலை கூடுவது, எல்லாவற்றையும் தேடல் கருவிக்குள் ஜிபி கணக்கில் காசு கொடுத்துத் திணிக்கும்போது. 12 மாதத்துக்கு உள்நுழைவு, கட்டளை, விபிஎன் பதிவுகளை மட்டும் தேடலில் வையுங்கள். மிச்சத்தைச் சுருக்கி ஒதுக்குங்கள். ஒதுக்கும் இடத்துக்கு டொமைன் நிர்வாகியின், அதாவது நிறுவனத்தின் எல்லாக் கணினிகளையும் ஆளும் கணக்கின், கடவுச்சொல் செல்லக்கூடாது. வந்தவன் முதலில் பிடிப்பது அந்தக் கடவுச்சொல்லைத்தான். பிடித்ததும் செய்வது பதிவை அழிப்பது. அப்படி அழித்தால் 1102 என்ற ஒற்றை நிகழ்வு மிஞ்சும். அதற்காவது ஓர் அலாரம் வையுங்கள்.

மாதம் ஒருமுறை கையால் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு செர்வரிலும் வரும் இணைப்பை வேறு கணினிக்குத் திருப்பிவிடும் நெட்ஷ் கட்டளையின் போர்ட்பிராக்ஸி பட்டியல்: சாதாரண செர்வரில் அது காலியாக இருக்க வேண்டும். ஒரு வரி இருந்தாலும், யார் வைத்தார் என்று பதில் கிடைக்கும்வரை விடக்கூடாது. எல்லாருடைய கணக்குகளையும் வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலரில், அந்தத் தரவுத்தளத்தை நகலெடுக்கக்கூடிய என்டிடிஎஸ்யூடில் எப்போதாவது ஓடியதா என்பது இன்னொன்று. ஓடி, உங்கள் ஆட்கள் யாரும் ஓட்டவில்லை என்றால், நிறுவனத்தின் எல்லாக் கடவுச்சொற்களின் ஹேஷும், அதாவது உருமாற்றிச் சேமித்த வடிவமும், வெளியே போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது பயனர் கடவுச்சொற்களை மட்டும் மாற்றுவது பாதி வேலை. உள்நுழைவு டிக்கெட்டுகளுக்கு முத்திரையிடும் கேர்பிடிஜிடி என்ற கணக்கின் கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்ற வேண்டும்; ஏனென்றால் அந்தக் கணக்கு முந்தைய கடவுச்சொல்லையும் நினைவில் வைத்திருக்கும். இரண்டு மாற்றத்துக்கும் நடுவே குறைந்தது 10 மணி நேரம், அதாவது பழைய டிக்கெட்டுகளின் இயல்பான ஆயுள், விட வேண்டும். அவசரப்பட்டு அடுத்தடுத்து மாற்றினால் புழக்கத்தில் இருக்கும் டிக்கெட்டுகள் எல்லாம் ஒரேயடியாகச் செல்லாமல் போய் வேலை தடைபடும். ஒரே ஒரு முறை மாற்றினால் வந்தவன் போகவே இல்லை.

இன்னொரு சின்ன விஷயம் பெரிய தொல்லை தரும்: கடிகாரம். ஃபயர்வால் உலகப் பொது நேரத்தில் எழுதும், செர்வர் மலேசிய நேரத்தில் எழுதும், கதவு அட்டைக் கருவி எட்டு நிமிடம் பிந்தி ஓடும். எட்டு மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காமல் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தினால், வந்தவன் நுழைவதற்கு முன்பே திருடிவிட்டுப் போனதாகக் கதை வரும். எல்லாக் கருவியையும் நேரம் சொல்லும் ஒரே என்டிபி மூலத்தோடு கட்டுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேர மண்டலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம், இப்போது சட்டத்தின் கடிகாரமும் ஓடுகிறது. சைபர் பாதுகாப்புச் சட்டம் 2024, அதாவது சட்டம் 854, 2024 ஆகஸ்டு 26 முதல் நடப்பில் இருக்கிறது. (பெயர் ஒலியில் ஒத்த இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் சமூக ஊடகங்களுக்கானது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அரசு, வங்கி, போக்குவரத்து, தற்காப்பு, தகவல் தொடர்பு, சுகாதாரம், நீர், எரிசக்தி, விவசாயம், வணிகம்-தொழில், அறிவியல் என 11 துறைகள். ஒவ்வொன்றுக்கும் துறைத் தலைமை. அது யாரை முக்கிய உள்கட்டமைப்பு என்று எழுத்துமூலம் அறிவிக்கிறதோ அவர்களுக்குக் கடமைகள். வருடம் ஒருமுறை அபாய மதிப்பீடு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தணிக்கை. தவறினால் 200,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சம்பவம் தெரிந்ததும் உடனே தேசிய சைபர் பாதுகாப்பு முகமையான நக்சாவுக்கும் துறைத் தலைமைக்கும் சொல்ல வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் முதல் விவரம், 14 நாளுக்குள் துணை விவரம். சொல்லாவிட்டால் 500,000 வெள்ளி வரை அபராதம், பத்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆறு மணி நேரம் சம்பவம் நடந்ததிலிருந்து அல்ல, அது உங்களுக்குத் தெரியவந்ததிலிருந்து. ஆகவே “தெரியவந்த நேரம்” என்ன என்று நிறுவனத்துக்குள் முன்கூட்டியே வரையறுத்து வையுங்கள். இரவுப் பணியில் இருப்பவர் திரையில் எச்சரிக்கையைப் பார்த்த நேரமா, மேலாளர் உறுதிசெய்த நேரமா? முதலாவதை எடுத்துக்கொள்பவருக்கு வம்பு குறைவு. முதல் விவரத்தில் கேட்பது அதிகமில்லை: அறிவிப்பவர் யார், எந்தத் துறை, எந்த வகைச் சம்பவம், எவ்வளவு தீவிரம், எப்போது, எப்படித் தெரிந்தது. தாளில் அடித்து, வெற்றிடங்களோடு, பாதுகாவலர் மேசையில் வைத்துவிடலாம். கணினியில் மட்டும் வைத்திருந்தால், முடங்கிய கணினிக்குள்ளேயே அதுவும் மாட்டிக்கொள்ளும். அறிவிப்பு போகும் அமைப்பில் கையெழுத்து அதிகாரம் உள்ளவர் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் போதாது, இருவர் வேண்டும். ஷெம்சுக்கின் கேப்டனைப் போல அவரும் கரையில் இருக்கும் நாளில்தான் எல்லாம் நடக்கும். 2025 மார்ச் 23 மலேசிய விமான நிலைய நிறுவனம் தாக்கப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் விமான நேரங்களை வெள்ளைப்பலகையில் கையால் எழுதும் நிலை வந்தது. ஒரு கோடி டாலர் கேட்டார்கள், ஐந்து விநாடிகூட யோசிக்காமல் மறுத்துவிட்டேன் என்றார் பிரதமர் அன்வார். மறுத்தது சரி. வெள்ளைப்பலகையும் மார்க்கரும் இருந்ததே, அதுவும் ஒரு தயார்நிலைதான். கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அது மத்திய, மாநில அரசுகளுக்கும் பொருந்தும். ஆனால் அவற்றின்மேல் வழக்குத் தொடர முடியாது. உளவுபார்க்க வருகிறவன் தேடுவது பெரும்பாலும் அமைச்சின் கோப்புகளைத்தான். தண்டனை எங்கே கடுமையாக வேண்டுமோ அங்கே நம்பிக்கையை வைத்திருக்கிறது.

பினாங்கின் தொழிற்பேட்டைகளான பாயான் லெப்பாஸ், பத்து காவான் பக்கம் போனால் கடிகாரங்கள் ஒன்றோடொன்று மோதும். இன்டெல் 1972-இல் வந்ததிலிருந்து அமெரிக்கத் தாய் நிறுவனங்கள் இங்கே நிறைய. அமெரிக்காவின் ஏஎம்டியும் சீனாவின் டோங்ஃபுவும் சேர்ந்து நடத்தும் ஆலை 2016 முதல் இருக்கிறது. இப்படி இரு பக்கமும் உறவு வைத்திருக்கும் ஓர் ஆலையில் ஊடுருவல் நடந்தால் என்னென்ன கெடு? முக்கிய உள்கட்டமைப்பு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் நக்சாவுக்கு ஆறு மணி நேரம். ஊழியர், வாடிக்கையாளர் தனிநபர் தரவு போயிருந்தால் 2025 ஜூன் 1 முதல் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரம், பெரும் பாதிப்பு என்றால் அறிவித்த ஏழு நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும். தாய் நிறுவனம் அமெரிக்கப் பங்குச்சந்தையில் இருந்து, பாதிப்பு பெரியது என்று முடிவுசெய்தால் நான்கு வேலைநாளில் பொது அறிவிப்பு. சீனாவுக்குள் இருக்கும் வலையமைப்பையும் அது தொட்டால், 2025 நவம்பர் 1 முதல் அங்குள்ள முக்கிய உள்கட்டமைப்பு நிறுவனங்களுக்குப் பெரிய சம்பவங்களில் ஒரே ஒரு மணி நேரம். அதோடு, 2021 செப்டம்பர் முதல் சீன விதிப்படி, தங்கள் பொருளில் ஓட்டை இருப்பது தெரிந்த தயாரிப்பாளர்கள் 48 மணி நேரத்துக்குள் அங்குள்ள தொழில், தகவல் தொழில்நுட்ப அமைச்சுக்குச் சொல்ல வேண்டும்.

யாருக்கு முதலில் சொல்வது என்பது இங்கே வெறும் அலுவலக ஒழுங்கு அல்ல. அடைக்கப்படாத ஓட்டையின் விவரம் எந்த அரசுக்கு முதலில் போகிறதோ அந்த அரசுக்கு அது ஆயுதம் ஆகலாம். என் கருத்து: மலேசியாவில் நடந்த சம்பவம் முதலில் நக்சாவுக்கு, அறிவிப்பில் நடந்தது மட்டும், ஊகம் வேண்டாம், நாட்டின் பெயர் வேண்டாம். தாய் நிறுவனத்துக்கு அதே தாளின் நகல். ஓட்டையின் நுட்ப விவரம் தனித் தாளில், தயாரிப்பாளரின் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும். இந்த வரிசையை வழக்கறிஞரோடு உட்கார்ந்து அமைதியான நாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேமராவிலும் இதே இழுபறி. அமெரிக்காவின் 2019 தற்காப்புச் சட்டத்தின் 889-ஆவது பிரிவு, ஹுவாவே, இசட்டிஇ, ஹைட்டேரா, ஹிக்விஷன், டாஹுவா கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்களோடு அமெரிக்க அரசு ஒப்பந்தம் செய்வதைத் தடுக்கிறது. அந்தக் கேள்வி கைமாறிக் கைமாறிப் பினாங்கு உதிரிபாக ஆலையின் கேள்வித்தாளில் வந்து நிற்கும்: சுவரில் என்ன கேமரா? பெட்டியில் வேறு பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இவர்களுடையதாக இருக்கலாம். வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகளைப் பார்த்தால் தெரியும். மறுபக்கம், 2023 மே மாதம் சீனா அமெரிக்கச் சில்லு நிறுவனமான மைக்ரானின் பொருட்களைத் தன் முக்கிய உள்கட்டமைப்பில் வாங்கக்கூடாது என்றது. மைக்ரான் ஆலை பத்து காவானில். வல்லரசு இரண்டும் “தேசியப் பாதுகாப்பு” என்று ஒரே சொல்லைச் சொல்கின்றன. ரசீது நமக்கு வருகிறது.

5ஜி விவாதத்துக்கு இங்கே அதிக இடம் கொடுக்கப்போவதில்லை. மலேசியாவின் முதல் 5ஜி வலையமைப்பு எரிக்சன், இரண்டாவதை நடத்தும் யு மொபைல் ஹுவாவே, இசட்டிஇ பக்கம் போயிற்று, அதற்கு முன்பே அமெரிக்க, ஐரோப்பியத் தூதர்கள் கடிதம் எழுதி எச்சரித்தார்கள் என்பதெல்லாம் செய்தி. மாமாக் கடையில் இதைப் பேசுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். 2024-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள்ளேயே சால்ட் டைஃபூன் புகுந்தது; அதுவும் சீனாவோடு தொடர்புடையதாக அமெரிக்கா சொல்லும் குழு. சிஸ்கோ பெட்டிகள் வழியாக, திருடிய கடவுச்சொற்களாலும், 2018-இலேயே அறிவிக்கப்பட்ட ஓர் ஓட்டையாலும். நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்க அரசே வைத்திருந்த ஏற்பாட்டையும் தொட்டார்கள். அமெரிக்கப் பெட்டி, அமெரிக்க மண், அமெரிக்கச் சட்டம், எதுவும் தடுக்கவில்லை. பெட்டியின் கொடி முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சீனாவின் 2017 உளவுச் சட்டம் நிறுவனங்களை ஒத்துழைக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் 2018 கிளவுட் சட்டம் தன் நிறுவனங்களிடம் இருக்கும் தரவை எந்த நாட்டில் வைத்திருந்தாலும் கேட்கிறது. ஆனால் யாரிடம் வாங்கினாலும் ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பழுதுபார்க்கத் தொலைவிலிருந்து உள்ளே வருகிறவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு யார் கதவு திறக்கிறார்? அந்தக் கணக்கு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். வேலைச்சீட்டு எண்ணுக்கு மட்டும், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று நம் ஆள் திறக்க வேண்டும். நடுவில் நம் கணினி ஒன்றின் வழியாகவே போக வேண்டும், திரை முழுதும் பதிவாக வேண்டும். விற்பனையாளர்கள் முகம் சுளிப்பார்கள். எல்லா நாட்டு விற்பனையாளர்களும் ஒரே மாதிரித்தான் சுளிப்பார்கள்.

இனி சின்னப் பெட்டி. வீட்டிலும் கடையிலும் மூலையில் தூசி படிந்து கிடக்கும் ரவுட்டர். வால்ட் டைஃபூன் நேரே தங்கள் நாட்டிலிருந்து வரவில்லை; ஆயுள் முடிந்த சிஸ்கோ, நெட்கியர் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் பிடித்து அவற்றின் வழியே வந்தது. அந்த வலையை அமெரிக்க நீதிமன்ற அனுமதியோடு எஃப்பிஐ 2023 டிசம்பரில் கலைத்தது. 2024 செப்டம்பரில் கலைத்த இன்னொன்றில் உலகம் முழுக்க 260,000-க்கும் மேற்பட்ட கருவிகள். கோலாலம்பூர்க் கடை ஒன்றின் ஐபி முகவரியிலிருந்து வேறொரு நாட்டின் மின்நிலையத்தைத் தட்டினால் அந்த நாட்டின் பதிவேட்டில் விழுவது மலேசியா.

ஐநாவில் 2015-இல் ஒப்புக்கொண்ட 11 நெறிகளில் ஒன்று, எந்த நாடும் தன் நிலப்பரப்பைத் தவறான செயலுக்கு அறிந்தே பயன்படுத்த விடக்கூடாது என்கிறது. ஆசியான் 2018-இல் அந்த 11 நெறிகளையும் கொள்கையளவில் ஏற்றது. “அறிந்தே” என்ற சொல்லில்தான் எல்லோரும் ஒளிந்துகொள்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவில், நாம் தோசை சாப்பிடப் போகும் தெருக்களுக்கு நடுவே, வடகொரியாவின் ராணுவ வானொலிக் கருவிகளை விற்ற கிளோகாம் என்ற நிறுவனம் முகவரி வைத்திருந்ததை 2017-இல் ஐநா நிபுணர் குழு எழுதும்வரை யாருக்குத் தெரியும்?

ரவுட்டருக்குச் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. பெட்டியைத் திருப்பி மாடல் எண்ணைப் பாருங்கள்; தயாரிப்பாளர் தளத்தில் ஆதரவு முடிந்துவிட்டது என்று இருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள், தூக்கிப் போடுங்கள். அந்த வகை நாசநிரல் நினைவகத்தில் மட்டும் இருக்கும். அணைத்துப் போட்டால் போய்விடும், ஓட்டை அப்படியே இருப்பதால் திரும்ப வரும். ஆதரவு இருந்தால் ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை இயக்கும் உள் மென்பொருளைப் புதுப்பித்து, பிறகு தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, கடவுச்சொல்லைப் புதிதாக வைத்து, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும், கருவிகள் தாமே வாசல் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியையும் மூடுங்கள். பிறகு கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் நின்று உங்கள் பொது ஐபி முகவரியின் 22, 23, 80, 443, 7547, 8080, 8443 எண் வாசல்களை (போர்ட்) தட்டிப் பாருங்கள். உள்ளிருந்து தட்டினால் திறந்திருப்பதுபோல் காட்டும், அது கணக்கல்ல. 7547 சேவை நிறுவனம் தன் பெட்டியை நிர்வகிக்க வைத்திருப்பது. அது உலகத்துக்கே திறந்திருந்தால் அவர்களிடம் புகார் சொல்லுங்கள்.

அலுவலக ஃபயர்வாலுக்கு இந்த வைத்தியம் போதாது. 2024-இல் நெதர்லாந்து ராணுவ உளவுத்துறை வெளியிட்ட கோட்ஹேங்கர் என்ற நாசநிரல் ஃபோர்டிகேட் ஃபயர்வால் பெட்டிக்குள் ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகும் உயிரோடிருந்தது. சந்தேகம் வந்தால் வட்டைச் சுத்தமாக அழித்து முதலிலிருந்து நிறுவ வேண்டும். பழைய அமைப்புக் கோப்பை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஃபயர்வால் டொமைனோடு பேசப் பயன்படுத்தும் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிடாதீர்கள், பலர் மறப்பது அதைத்தான்.

கடைசியாகத் தண்ணீர். போட்டி அரசுகள் என்றதும் பினாங்குக்காரர் நினைவுக்கு வருவது வாஷிங்டனும் பெய்ஜிங்கும் அல்ல, பக்கத்து மாநிலமான கெடா. மூடா ஆற்று நீருக்கு யார் காசு கொடுப்பது என்ற அந்தச் சண்டை ஓயாது, கடாரம் வென்ற சோழன் வந்தாலும் தீர்க்க மாட்டான். ஆனால் 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிகிப்பா என்ற சிற்றூரின் நீர் அழுத்த நிலையத்தில் நடந்ததைப் பினாங்கின் சுங்கை டுவா போன்ற நீர் நிலையங்களில் வேலை செய்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஈரானோடு தொடர்புள்ள ஒரு குழு அங்கிருந்த கட்டுப்பாட்டுக் கருவியை முடக்கித் திரையில் ஓர் அறிவிப்பை எழுதியது: இஸ்ரேலில் செய்த கருவி எதுவும் எங்கள் இலக்கு. அந்த ஊருக்கும் மேற்காசியாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கருவியின் பிறந்த ஊர்தான் பகையைக் கூட்டிவந்தது. உள்ளே நுழைந்த வழியோ மிகச் சாதாரணம்: இணையத்தில் திறந்துகிடந்த 20256 எண் வாசல், தயாரிப்பாளர் வைத்தபடியே 1111 என்ற கடவுச்சொல். நிலையத்து ஆட்கள் பம்பைக் கையால் இயக்கினார்கள். தண்ணீர் நிற்கவில்லை.

உங்கள் நிலையத்தில் கையால் இயக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், அவர்களில் ஓய்வுபெறப் போகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கருவியையும் இயக்கும் லேடர் நிரலின் நகலும் எந்த வலையமைப்பிலும் சேராத வட்டு ஒன்றில், பதிப்பு எண்ணோடு இருக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அந்த நகலை உதிரிக் கருவி ஒன்றில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத நகலில் பாதி, திறக்கிற மென்பொருளின் உரிமம் காலாவதியாகிக் கிடக்கும். அல்லது கருவியில் இருப்பது போன வருட நிரல், வட்டில் இருப்பது அதற்கு முந்தையது.

எம்டன் பினாங்கிலிருந்து போய் 12 நாள் கழித்து, நவம்பர் 9 காலை, கோக்கோஸ் தீவின் தந்திக் கம்பி நிலையத்தை அறுக்க வந்தது. அங்கும் நான்கு புகைபோக்கிகள் தெரிந்தன. நிலையத்து ஆட்கள் அதை உற்றுப் பார்த்தார்கள், நான்காவது சரியில்லை. யாருடைய கப்பல் என்று தெரியும்வரை காத்திருக்கவில்லை. வாசலில் அந்நியக் கப்பல் என்று மட்டும் வானொலியில் அனுப்பினார்கள்; எம்டன் அலைவரிசையை இரைச்சலால் மூட முயன்றும் செய்தி போய்விட்டது. அதைக் கேட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி மூன்று மணி நேரத்துக்குள் வந்து எம்டனை முடித்தது. கரையிறங்கிய ஜெர்மானியர்கள் கருவிகளை அடித்து நொறுக்கியிருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு பசிபிக்கில் ஃபேனிங் தீவு நிலையம் தாக்கப்பட்ட செய்தி வந்தபோதே, கோக்கோஸ் ஆட்கள் ஒரு தொகுதி உதிரிக் கருவிகளை மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள். அவற்றைத் தோண்டி எடுத்துத் தந்தியைத் திரும்ப ஓடவிட்டார்கள்.